கர்நாடகத்தின் நிலப் பதிவேடுகளும் கணிப்பொறியும்

கர்நாடக ராஜ்யத்தில் பயிர்க்கடன் வேண்டிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லும் விவசாயி தன்னுடன் கொண்டுசெல்ல வேண்டிய தாள் ஒன்று உண்டு. அங்குள்ள மக்கள் அதனைப் ‘பஹணி’ என்று அழைக்கின்றனர். நிலத்தின் உரிமை, குத்தகை, பயிர் ஆகிய மூன்று விவரங்களையும் ஒருங்கே தாங்கிய பதிவேட்டின் நகல் அது. தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்வதானால், பட்டா, அடங்கல் ஆகிய இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தாற்போன்றது எனலாம். கடனுக்கு மட்டுமன்று, நிலத்தை விற்கவும், பாகம் பிரிக்கவும், நீதிமன்றத்தில் வழக்காடவும், வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்தபோது நிவாரணம் கோரவும் இத்தாள் தேவைப்படுகின்றது. இதில் தன் பெயர் இல்லாதவன் தன் வயலிலேயே அன்னியனைப் போல நிற்க நேரிடும்.

இந்தத் தாளைப் பெறுவதற்கு ஒரு காலத்தில் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2001, 2002 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கர்நாடகத்தின் 177 தாலுகாக்களிலும் அதனைச் சில நிமிஷங்களில் அச்சிட்டுத் தரும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ‘பூமி’ என்று பெயரிடப்பெற்ற அத்திட்டம் எவ்வாறு உருவாயிற்று, அதனால் எது மாறியது, எது மாறாமல் எஞ்சியது என்பவற்றைக் கிராமங்களில் பணியாற்றுவோர் அறிந்திருத்தல் நலம்.

பஹணியில் உள்ளவை

பஹணியின் தலைப்பில் கிராமம், ஹோப்ளி, தாலுகா ஆகியவற்றின் பெயர்களும், நிலத்தின் ஸர்வே எண்ணும், ‘ஹிஸ்ஸா’ எனப்படும் உட்பிரிவு எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். ஹோப்ளி என்பது தமிழ்நாட்டின் பிர்க்காவுக்கு இணையானது. அதன்கீழ் நிலத்தின் மொத்த விஸ்தீரணம், சாகுபடிக்கு உதவாத ‘கராபு’ நிலத்தின் அளவு, தீர்வை, மண்வகை, உரிமையாளரின் பெயர், அவருடைய பங்கு, நிலத்தின்மீதுள்ள கடன் முதலிய பொறுப்புகள், சாகுபடி செய்வோரின் பெயர், ஒவ்வொரு பருவத்திலும் விளைந்த பயிர், அதற்கு நீர் கிடைத்த வழி ஆகியவை வரிசையாக அமைந்திருக்கும்.

இவற்றுள் சாகுபடியாளரைக் குறிக்கும் பத்தி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 1974 மார்ச் மாதம் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தத்தின்படி குத்தகைதாரர்கள் நிலத்துக்கு உரிமை கோரியபோது, நில நீதிமன்றங்கள் முதலில் புரட்டிப் பார்த்த சாட்சியம் அந்தப் பத்தியே. தன் பெயர் அதில் எழுதப்பெற்றிருந்த குத்தகைதாரர் உடையவர் ஆனார். பரம்பரையாக உழுதும் கணக்கர் எழுத மறந்த, அல்லது மறுத்த, குடும்பங்கள் பல ஆண்டுகள் வழக்காடின. கணக்கரின் ஒரு வரி எழுத்துக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நடந்த மாறுதலின் அளவு விளங்கும்.

விஸ்தீரணத்தைக் குறிக்கும் முறையையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம். 1830-களில் பூனா ஜில்லாவின் இந்தாபூர் தாலுகாவில் கோல்ட்ஸ்மித், விங்கேட் என்னும் இரு அதிகாரிகள் வகுத்த பம்பாய் ஸர்வே முறையே கர்நாடகத்தின் பெரும்பகுதிக்கு அடிப்படை. மைசூர் ஸமஸ்தானத்தில் 1863-இல் தனி ஸர்வே இலாகா ஏற்பட்டபோதும் அம்முறையே பின்பற்றப்பெற்றது. அதில் அளவுச் சங்கிலியின் நீளம் 33 அடி. அச்சங்கிலி 16 அணாக்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரம் ஒரு குண்டை. அதாவது 1,089 சதுர அடி. 40 குண்டை சேர்ந்தது ஓர் ஏக்கர். 43,560 சதுர அடி. நாணயத்தில் அணா மறைந்த பிறகும் நிலக்கணக்கில் அது நெடுநாள் உயிரோடிருந்தது.

இக்கணக்கைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். 4 ஏக்கர் 10 குண்டை நிலத்தை மூன்று பேர் சமமாகப் பங்கிடுவதாகக் கொள்வோம். மொத்தம் 170 குண்டை. மூன்றால் வகுத்தால் ஒவ்வொருவருக்கும் 56 குண்டையும், மேலும் ஒரு குண்டையில் மூன்றில் இரு பாகமும் வரும். ஒரு குண்டைக்கு 16 அணா என்றால் அம்மீதி 10 அணாவும் இன்னும் சிறிதும். எனவே இருவருக்கு 1 ஏக்கர் 16 குண்டை 11 அணா என்றும், ஒருவருக்கு 1 ஏக்கர் 16 குண்டை 10 அணா என்றும் எழுதினால்தான் கூட்டுத்தொகை சரியாகப் பொருந்தும். மூவருக்கும் 11 அணா என்று எழுதிவிட்டால் இல்லாத நிலம் ஒரு அணா அளவுக்குப் பிறந்துவிடும். இரண்டு மூன்று தலைமுறைகள் இவ்வாறு பிரித்துக்கொண்டே சென்றால், பஹணிகளில் உள்ள விஸ்தீரணங்களின் கூட்டுத்தொகையும், ஸர்வே எண்ணுக்கு ‘ஆகார்பந்து’ என்னும் மூலப் பதிவேட்டில் கண்ட விஸ்தீரணமும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவது வியப்பன்று. கர்நாடகத்தில் இப்பொருத்தமின்மை இன்றளவும் ஸர்வே இலாகாவினருக்கு வேலை கொடுத்து வருகின்றது.

கணக்கரின் பெட்டி

1956-இல் ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது பழைய மைசூருடன் பம்பாய், ஹைதராபாத், சென்னை, குடகு ஆகிய நான்கு நிர்வாகங்களின் பகுதிகள் வந்து சேர்ந்தன. தென் கன்னட ஜில்லாவும் கொள்ளேகால் தாலுகாவும் அதுவரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தவை. ஆகவே ஒரே ராஜ்யத்தில் பல வகையான நிலவரிச் சட்டங்களும் பதிவேடுகளும் வழங்கி வந்தன. 1964-ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டமே அவற்றை ஒருமுகப்படுத்தியது.

கிராமக் கணக்கு எழுதியவர் பழைய மைசூரில் ஷானுபோகர் என்றும், பம்பாய்ப் பகுதியில் குல்கர்ணி என்றும், சென்னைப் பகுதியில் கர்ணம் என்றும் வழங்கப்பெற்றார். பதவி பரம்பரையாக வந்தது. பதிவேடுகளும் அப்படியே வீட்டுப் பெட்டியில் இருந்து வந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. சம்பளம் பெறும் கிராமக் கணக்கர்கள் நியமிக்கப்பட்டனர். (தமிழ்நாட்டில் இம்மாறுதல் 1980-இல்தான் நிகழ்ந்தது.) பதவி மாறிற்று, பெட்டி மாறவில்லை. சுமார் 9,000 கணக்கர்கள், ஒவ்வொருவரும் மூன்று நான்கு கிராமங்களுக்குப் பொறுப்பேற்று, கையெழுத்துப் பதிவேடுகளைத் தம்மிடமே வைத்திருந்தனர்.

அவர்கள் எல்லோரும் தவறு செய்தனர் என்று கூறுவது அநியாயம். மழையிலும் வெயிலிலும் வயல் வயலாகச் சென்று பயிர்க்கணக்கு எடுத்தவர்கள் அவர்களே. ஆயினும் ஏற்பாட்டிலேயே ஒரு குறை இருந்தது. பதிவேட்டை எழுதுபவரும், பாதுகாப்பவரும், நகல் கொடுப்பவரும் ஒருவரே; அவர் எழுதியதை வேறொருவர் எளிதில் பார்க்க முடியாது. விவசாயி கணக்கரைத் தேடிச் செல்வார். கணக்கர் அடுத்த கிராமத்துக்குச் சென்றிருப்பார். அவர் வந்த அன்று பதிவேடு தாலுகா கச்சேரியில் இருப்பதாகச் சொல்லப்படும். நகலுக்கு விதிப்படி உள்ள கட்டணம் சொற்பம். விதியில் இல்லாத கட்டணம் நிலத்தின் மதிப்பையும் அவசரத்தின் அளவையும் பொறுத்து ஏறிற்று. சர்க்கார் நிலம் ஒரு மைக்கோட்டால் தனியாருடையதாக மாறியதும் உண்டு. பட்டா மாறுதலுக்கு மனுச் செய்தவரின் நிலை இதைவிடக் கடினம். மனு யாரிடம் கிடக்கின்றது என்பதே அவருக்குத் தெரியாது. மாதங்கள் கடந்தும் பழைய பெயரே நிற்கும்.

முதல் முயற்சிகள்

நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும் என்னும் எண்ணம் கர்நாடகத்தில் தோன்றியது அன்று. மத்திய சர்க்கார் 1988-89-இல் ரங்காரெட்டி, வார்தா, காந்திநகர் முதலான எட்டு ஜில்லாக்களில் இதனைச் சோதனையாகத் தொடங்கிற்று. பின்னர் மற்ற ராஜ்யங்களுக்கும் விரித்தது. பத்தாண்டுகள் கழிந்தும் பல இடங்களில் பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்குக் காரணம் யந்திரம் அன்று. விவரங்களைத் தலைமையிடத்தில் சேர்த்துப் புள்ளிவிவரம் தயாரிப்பதிலேயே கவனம் நின்றது. தாலுகா கச்சேரியின் வாயிலில் நிற்பவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பதிவேடும் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கணிப்பொறியில் ஏற்றிய விவரம் ஏற்றிய அன்றோடு பழசாயிற்று; அடுத்த வாரம் நடந்த விற்பனை கணக்கரின் புத்தகத்தில் ஏறும், கணிப்பொறியில் ஏறாது. இரண்டு பதிவேடுகள் இருந்தால் சட்டம் எதை நம்பும்? கையெழுத்துள்ளதைத்தான்.

பின்னர் வந்த திட்டத்தை வகுத்தவர்கள் இத்தோல்வியை நன்கு கவனித்திருந்தனர் என்பது அவர்கள் செய்த காரியங்களிலிருந்து தெரிகின்றது.

இரண்டு கோடித் தாள்கள்

பூமித் திட்டத்துக்கு வேண்டிய நிரலைத் தேசிய தகவலியல் மையத்தின் பெங்களூர்ப் பிரிவு எழுதியது. நிர்வாகப் பொறுப்பை ராஜ்ய வருவாய் இலாகா ஏற்றது. ஏற்ற வேண்டியவை சுமார் 67 லட்சம் நில உரிமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள். எல்லாம் கன்னட எழுத்தில். ஆங்கிலத்துக்கென அமைந்த விசைப்பலகையில் இந்திய எழுத்துகளைத் தட்டெழுதவும் சேமிக்கவும் பொதுவான குறியீட்டு நியமம் 1991-இலேயே வகுக்கப்பட்டிருந்தது; அது இல்லையேல் இவ்வேலை தொடங்கியே இராது. அரசாங்கப் பதிவேடு மக்களின் மொழியிலேயே யந்திரத்தில் ஏறியது என்பது இத்திட்டத்தில் அதிகம் பேசப்படாத சிறப்பு.

பதிவு ஏற்றும் வேலையைத் தனியார் நிறுவனங்களின் பணியாளர்கள், தாலுகா அளவில், இலாகா உத்தியோகஸ்தர்களின் மேற்பார்வையில் செய்தனர். பழைய கையெழுத்தைப் படிப்பதே முதல் இடையூறு. ஒரே ஆளின் பெயர் ஒரு பக்கத்தில் தந்தை பெயரோடும், மறுபக்கத்தில் ஊர்ப் பெயரோடும், மூன்றாவதில் வெறும் பட்டப் பெயராகவும் எழுதப்பெற்றிருக்கும். அடித்தலும் திருத்தலும் ஏராளம். ஏற்றிய ஒவ்வொரு பதிவும் அச்சிடப்பெற்று, அந்தந்தக் கிராமக் கணக்கரிடம் மூலத்தோடு ஒப்புநோக்கக் கொடுக்கப்பட்டது. அவர் திருத்திக் கையொப்பமிட்ட பின்னரே இறுதியாயிற்று. தம் அதிகாரம் குறையப்போவதை அறிந்தவர்களைக் கொண்டே அப்பதிவின் பிழையின்மைக்குச் சான்று வாங்கியது வேடிக்கையாகத் தோன்றலாம். வேறு வழியும் இல்லை. கிராமத்தின் நிலத்தை அறிந்தவர் அவரே.

மண்டியா ஜில்லாவின் மத்தூர் தாலுகாவில் முதலில் சோதனை நடந்தது. அங்கு கண்ட குறைகளைத் திருத்தி மற்றத் தாலுகாக்களுக்கு விரித்தனர். ஒவ்வொரு தாலுகா கச்சேரியிலும் ‘பூமி மையம்’ என ஓர் அறை அமைந்தது. அங்கே செல்பவர் மனு எழுத வேண்டியதில்லை. ஸர்வே எண்ணையோ உரிமையாளரின் பெயரையோ வாயால் சொல்லி அப்போதைய கட்டணமான 15 ரூபாயைக் கட்டினால், கையொப்பமும் முத்திரையும் இட்ட பஹணி கைக்கு வந்தது. யாருடைய நிலத்தின் பஹணியையும் யாரும் கேட்டுப் பெறலாம் என்பதும் விதி. நிலம் வாங்க நினைப்பவர் விற்பவரின் சொல்லை நம்பி நிற்க வேண்டியதில்லை.

மையத்தில் கணிப்பொறித் திரைகள் இரண்டு. ஒன்று பணியாளரை நோக்கியிருக்கும்; மற்றொன்று சாளரத்துக்கு வெளியே நிற்பவரை நோக்கியிருக்கும். பணியாளர் தட்டெழுதுவதை விவசாயியும் அதே நேரத்தில் காணலாம். எழுதத் தெரியாதவரும் உடன் வந்த பள்ளிப் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்தார். இத்தனை செலவில் நடந்த ஏற்பாட்டில், ஒரு திரையை வெளிப்புறமாகத் திருப்பி வைத்தது மிகச் சிறிய செலவு. மக்களின் ஐயத்தைப் போக்கியதில் அதன் பங்கு சிறியதன்று.

பணியாளர் கணிப்பொறியை இயக்க வேண்டுமானால் தம் விரல் ரேகையைக் கருவியில் பதிக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லிவிடலாம். விரலைக் கடன் கொடுக்க இயலாது. எந்தத் திருத்தத்தை யார், எந்த நாளில், எந்த நேரத்தில் செய்தார் என்பது யந்திரத்தில் பதிந்துவிடும். ‘நான் செய்யவில்லை’ என்று பின்னர் மறுக்க முடியாது.

எல்லாவற்றினும் துணிவான செயல் இதற்குப் பின் வந்தது. ஒரு தாலுகாவில் மையம் திறந்த பிறகு அங்கே கையால் எழுதிய பஹணி செல்லாது என்று சர்க்கார் அறிவித்தது. திரும்பிச் செல்ல வழியில்லாத இந்த உத்தரவினால்தான் கணிப்பொறிப் பதிவு உயிருள்ள பதிவாயிற்று. முந்திய திட்டங்கள் தயங்கி நின்ற இடம் இதுவே.

பட்டா மாறுதலின் வழி

பஹணியின் நகலைத் தருவது எளிது. அதில் உள்ள பெயரை மாற்றுவதே இலாகாவின் உண்மையான வேலை. விற்பனை, பாகப்பிரிவினை, மரணம் ஆகியவற்றால் உரிமை மாறும்போது மனு மையத்திலேயே பெறப்பட்டது. அதற்கு ஓர் எண் இடப்பட்டு, எண்ணுள்ள ரசீது கொடுக்கப்பட்டது. உரியவர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்பைக் கணிப்பொறியே அச்சிட்டது. கிராமக் கணக்கர் அதனைக் கொண்டு சேர்த்தார். ஆட்சேபணைக்கு 30 நாள் கெடு. ஆட்சேபணை இல்லையேல் வருவாய் ஆய்வாளர் ஹோப்ளியில் உத்தரவிடுவார். தகராறானால் மேலதிகாரி விசாரிப்பார். கையொப்பமிட்ட உத்தரவு மையத்துக்கு வந்ததும் படமாக எடுக்கப்பெற்றுச் சேமிக்கப்படும். அதன் பின்னரே பஹணியில் புதிய பெயர் ஏறும். கெடுவில் பிற்காலத்தில் மாறுதல்கள் செய்யப்பட்டன. முறையின் அமைப்பு இதுவே.

இங்கே நிரலில் ஒரு கட்டுப்பாடு வைத்தனர். முதலில் வந்த மனுவை முதலில் முடித்தாலன்றி அடுத்த மனுவைக் கணிப்பொறி எடுத்துக்கொள்ளாது. பெரிய மனிதரின் மனு பத்தாவதாக வந்திருந்தால் அது பத்தாவதாகவே நிற்கும். கச்சேரிகளில் வரிசையைக் கடப்பதற்கே பெரும்பாலும் பணம் கொடுக்கப்படுகின்றது. வரிசையைக் கடக்கவே முடியாதெனில் கொடுப்பதற்குக் காரணம் குறைகின்றது. தாசில்தார் எத்தனை மனுக்கள் எத்தனை நாட்களாக நிற்கின்றன என்பதைத் தம் மேசையிலிருந்தே அறிய முடிந்தது.

பெங்களூரிலுள்ள பொது விவகார மையம் என்னும் அமைப்பு 2002-இல் மக்களைச் சந்தித்து ஆராய்ந்தது. பழைய முறையில் பஹணி பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் கைக்கூலி கொடுத்ததாகக் கூறினர். மையத்தில் பெற்றவர்களில் அவ்வாறு கூறியவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. அதே ஆண்டில் காமன்வெல்த் நாடுகளின் பொது நிர்வாகச் சங்கம் இத்திட்டத்துக்கு வெள்ளி விருது வழங்கியது.

எஞ்சியவை

விருதுகளை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பினால் வேறு சில உண்மைகள் தென்படும். முன்னர்ப் பதிவேடு சுமார் 27,000 கிராமங்களுக்கு அண்மையில் இருந்தது. திட்டம் வந்தபோது அது 177 இடங்களுக்குச் சென்றுவிட்டது. தாலுகா கச்சேரி 40 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், 15 ரூபாய்த் தாளுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தன. மின்சாரம் நின்ற நாளில் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹோப்ளி அளவில் ‘நெம்மதி’ மையங்கள் சுமார் 800 திறக்கப்பட்டன. நெம்மதி என்பது தமிழின் ‘நிம்மதி’யே. அவற்றைத் தொடர்ந்து 2012 முதல் சர்க்காரே நடத்தும் மையங்கள் அவ்விடங்களில் ஏற்பட்டன. இன்று இணையத்தின் வழியாகவும் பஹணி பெறலாம்.

எவரும் எந்த நிலத்தின் பதிவையும் பார்க்கலாம் என்னும் விதிக்கும் இரு முகங்கள் உண்டு. ஏமாற்று விற்பனைகளை அது தடுத்தது. ஆனால் நகரத்தை ஒட்டிய கிராமங்களில் எந்த நிலம் யாருடையது, எதில் தகராறு இல்லை என்பதைப் பெருநிலம் வாங்குவோர் ஓரிடத்தில் அமர்ந்தே அறியவும் அதுவே வழிசெய்தது என்று பெங்களூரைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் 2007-இல் எழுதினர். சிறு விவசாயியின் வேலை எளிதானதைக் காட்டிலும் அவர்களுடைய வேலை அதிகம் எளிதாயிற்று என்பது அவர்கள் வாதம். இதனை முற்றும் ஏற்காதவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய வாதமே இது.

அடுத்தது பிழைகள். பழைய பதிவேட்டிலிருந்த பிழை அப்படியே கணிப்பொறியில் ஏறியது. புதிதாகச் சில பிழைகளும் சேர்ந்தன. முன்னர்க் கணக்கர் ஒரு பேனாக் கோட்டால் திருத்தியதை இப்போது மனு, அறிவிப்பு, உத்தரவு என்று முறைப்படியே திருத்த வேண்டியிருந்தது. தம் பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காகப் பலமுறை தாலுகாவுக்கு நடந்தவர்கள் யந்திரத்தைப் பற்றி உயர்வாகப் பேசமாட்டார்கள். அன்றியும், பஹணி என்பது உரிமைப் பத்திரம் அன்று. அதிலுள்ள பதிவு மறுத்து நிரூபிக்கப்படும் வரையில் உண்மையெனக் கொள்ளப்படும் என்பதே சட்டம். அழகாக அச்சிடப்பெற்றிருப்பதனால் அதன் சட்டபூர்வமான வலிமை கூடிவிடுவதில்லை. கிராமத்தில் பலர் அவ்வாறு எண்ணுகின்றனர்.

எழுத்தும் வரைபடமும் ஒன்றுபடாமை இன்னொரு சிக்கல். பூமி ஏற்றியது எழுத்துப் பதிவை மட்டுமே. ஒரு ஸர்வே எண்ணில் ஐந்து பேர் பெயர்கள் பங்குடன் இருக்கும். ஆனால் எவருடையது எந்த மூலை என்பதற்கு வரைபடம் இராது. தரையில் வரப்பு உண்டு, தாளில் கோடு இல்லை. இவ்வாறு அளந்து பிரிப்பதற்கு அங்கே ‘போடி’ என்று பெயர். ஸர்வே எண்ணின் ஒரு பகுதியை விற்பதானால், விற்கும் முன்னரே அப்பகுதியை அளந்து வரைபடம் பெற வேண்டும் என்று பிற்பாடு கட்டாயமாக்கினர். அளப்பு மனுக்களுக்கு ‘மோஜணி’ என்றும், பத்திரப் பதிவுக்குக் ‘காவேரி’ என்றும் தனி நிரல்கள் அமைந்து, பூமியோடு இணைக்கப்பட்டன. சார்பதிவாளரிடம் பதிவான விற்பனை தானாகவே தாலுகாவுக்குத் தெரியும்படி ஆயிற்று. நிரல் விரைவாக ஓடுகின்றது. அளப்பவர் நடந்தேதான் செல்ல வேண்டும். நில அளவையாளர்கள் போதாமையால் அளப்பு மனுக்கள் தேங்குவது கர்நாடகத்தில் அடிக்கடி கேட்கும் முறையீடு.

இறந்தவர்களின் பெயர்கள் கணிசமான பஹணிகளில் அப்படியே நிற்கின்றன. தகப்பனார் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியும், ‘பௌதி’ மாறுதலுக்கு வாரிசுகள் மனுச் செய்யாதிருப்பர். அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்த கருத்து இல்லாமை ஒரு காரணம். பெயரை மாற்றினால் பங்கைப் பற்றிய பேச்சு எழும் என்ற அச்சம் இன்னொன்று. பெண்களின் நிலை இங்கே குறிப்பாகக் கவனிக்கத் தக்கது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று கர்நாடகம் 1994-இலும், நாடு முழுவதற்குமாக மத்திய சட்டம் 2005-இலும் வகுத்தன. ஆனால் மனுவோடு கொடுக்கப்படும் வம்சாவளிப் பட்டியலில் மணமாகிச் சென்ற மகளின் பெயரும், சில வேளைகளில் விதவையின் பெயரும் விடுபட்டுப் போகும். கொடுத்த பட்டியலைக் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். விடுபட்டவரைப் பற்றி அதற்குத் தெரியாது. அறிவிப்பின் கெடுவுக்குள் அவருக்குச் செய்தி எட்டினாலன்றி, அவர் உரிமை தாளில் மறைந்துவிடும். அண்மை ஆண்டுகளில் இறந்தோர் பெயரிலுள்ள பஹணிகளை வாரிசுகள் பெயருக்கு மாற்ற இலாகாவே கிராமந்தோறும் செல்லும் இயக்கத்தைத் தொடங்கியுள்ளது. வம்சாவளியைச் சரிபார்க்கும் பொறுப்பு அதில் கிராம உத்தியோகஸ்தரிடமே வந்து நிற்கின்றது.

சேவைக்குக் கெடு

தாலுகா கச்சேரியில் பெறப்படும் சேவைகள் நிலப் பதிவோடு முடிவதில்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, விதவை ஓய்வூதியம், குடும்ப அட்டை எனப் பல உண்டு. இவற்றைக் குறித்த நாட்களுக்குள் தருவது சட்டப்படியான கடமை என்று முதன்முதலில் 2010-இல் விதித்த ராஜ்யம் மத்தியப் பிரதேசம். கர்நாடகம் 2011-இல் சட்டம் இயற்றி, ‘ஸகால’ என்ற பெயரில் 2012 ஏப்ரல் 2-ஆம் தேதி முதல் 151 சேவைகளுக்கு அதனைப் பொருந்தச் செய்தது. மனுச் செய்தவருக்கு 15 இலக்கங்கள் கொண்ட எண் தரப்படுகின்றது. கெடு தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய்க்கு மேற்படாமல், மனுதாரர் நஷ்டஈடு கோரலாம். அத்தொகை பொறுப்பான உத்தியோகஸ்தரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். தொகை அற்பந்தான். ஆனால் தாமதித்தவர் பெயர் தாளில் ஏறிவிடுகின்றது என்பதை உத்தியோகஸ்தர்கள் அற்பமாகக் கருதுவதில்லை. இச்சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கெடு முடியும் தறுவாயில் ஏதேனும் காரணம் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டால், கணக்கில் அது குறித்த நாளில் முடிந்ததாகவே காணும். எனவே மேலதிகாரிகள் தாமதங்களின் எண்ணிக்கையைப் போலத் தள்ளுபடிகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டியுள்ளது.

நிலப் பதிவேடுகளுக்கான மத்திய திட்டமும் 2008-இல் திருத்தியமைக்கப்பட்டு, 2016 முதல் டிஜிட்டல் இந்தியாவின் ஒரு பகுதியாக நடந்து வருகின்றது. எழுத்துப் பதிவு, கிராம வரைபடம், பத்திரப் பதிவு ஆகிய மூன்றையும் இணைப்பது அதன் நோக்கம்.

கிராமங்களில் பணிபுரிவோர் இப்பதிவுகளைப் பார்க்கும்போது சில இடங்களில் கண்ணைச் செலுத்தலாம். உரிமையாளர் பத்தியில் உள்ளவர் உயிரோடிருக்கின்றாரா? பங்குகளின் கூட்டுத்தொகை மொத்த விஸ்தீரணத்தோடு பொருந்துகின்றதா? கட்டித் தீர்த்த கடன் இன்னும் பொறுப்புப் பத்தியில் நிற்கின்றதா? கடன் தீர்ந்ததற்கான சான்றைச் சங்கத்திலிருந்து பெற்றுப் பலர் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். அதைத் தாலுகாவில் கொடுத்தாலன்றிப் பதிவு நீங்காது. அடுத்த ஆண்டு வேறு வங்கிக்குச் சென்று கடன் கேட்கும்போது, தீர்ந்துபோன கடனே குறுக்கே நிற்கும். ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தன் வீட்டுப் பஹணியைக் கொண்டுவந்து, குண்டையும் அணாவும் கூட்டிப் பார்க்கையில் இத்தகைய பதிவொன்று வெளிப்படக் கூடும். அன்று மாலை வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழும். சான்றுத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கின்றது என்று தேடத் தொடங்குவார்கள்.